அம்பு போட்ட பக்கம்

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், அது ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. கோர்ட்டுல இருந்து இடத்தைப் பாக்கக் கமிஷனர் வாரார்னு வக்கீல் சொன்னதும் நான் என்னமோ தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கிட்டு ஜீப்புல ஒருத்தர் வந்து இறங்குவார்னு நினைச்சேன். நீங்க என்னடான்னா டவுன் பஸ்ஸுல வந்து இறங்கி, கக்கத்துல ஒரு பையை இடுக்கிக்கிட்டு, 'இது கோமதி அம்மா வீடா'னு கேக்கிய. என் மகளை விட ரெண்டு வயசு கூட இருக்குமா உங்களுக்கு? கோர்ட்டுல பெரிய ஆளு யாரும் கிடைக்கலையாக்கும். கோவிச்சுக்காதிய, சும்மா கேட்டேன். தம்பினு கூப்பிடலாம்லா?

காபி வேண்டாமா? சரி. ஒரு கட்சி வீட்டுல கை நனைக்கக் கூடாதுன்னா நனைக்க வேண்டாம். ஆனா சுவருக்கு அங்கிட்டு போனா அவளும் கேப்பா, தம்பி, மோர் குடிக்கியளான்னு. சிரிச்சுக்கிட்டே கேப்பா. அங்கயும் குடிக்கக் கூடாது, சொல்லிட்டேன். கருவேப்பிலையும் பெருங்காயமும் போட்டுத் தாளிச்சுத் தருவா, நல்லாத்தான் இருக்கும், அதுல மயங்கிராதிய.

என் வக்கீல் இப்ப வந்திருவார். அவர் வண்டி ஆத்துப் பாலத்துக்கிட்ட நின்னு போச்சாம். கேஸும் அப்படித்தான் நடத்துதார், தள்ளிக்கிட்டே. உங்க சர்வேயர் அவரு பின்னாடிதான் உக்காந்து வாராராம். அவங்க வரட்டும். அது வரைக்கும் நீங்க படத்தைப் பாருங்க. உங்க கையில இருக்கிறது நகல். அசல் என்கிட்ட இருக்கு, கண்ணாடி போட்டு வச்சிருக்கேன், அந்தா பாருங்க, சாமி படத்துக்குப் பக்கத்துல.

அது என் கையால போட்டது. இஞ்சினியர் போட்டது இல்லை. இஞ்சினியரையும் கூப்பிட்டேன், கூப்பிடாம இல்லை. ஒருத்தன் வந்தான். வாசல்ல நின்னு அண்ணாந்து பார்த்தான். பார்த்துட்டு, 'ஏம்மா, உங்க கூரைதான அந்தப் பக்கம் இறங்குது'ன்னான். டேப்பு எடுக்கலை, ஏணி கேக்கலை. நின்ன இடத்துல நின்னு அண்ணாந்து பார்த்துச் சொல்லுததுக்கு எதுக்கு அவ்வளவு படிப்பு? அப்புறம் விசாரிச்சா, அவன் பொண்டாட்டிக்கும் ஆவுடைக்கும் ஒரே ஊராம். போதுமா?

ஆவுடைங்கிறது அவதான், சுவருக்கு அங்கிட்டு இருக்கிறவ. எங்க வீட்டுக்காரகளோட அண்ணன் பொண்டாட்டி. எனக்கு ஓரகத்தி. முன்னாடி இது ஒரே வீடு. மாமனார் காலமானதும் நடுவுல ஒரு சுவரு வச்சு அண்ணன் தம்பிக்குப் பிரிச்சாங்க. தெக்குப் பாதி எங்களுக்கு, வடக்குப் பாதி அவங்களுக்கு. சுவரு பொது. செங்கல்லு, மண்ணுச் சாந்து. அந்தச் சுவருதான் இப்ப ஊறிப்போய் நிக்கி. யாரு வீட்டுத் தண்ணியில ஊறுதுங்கிறதுதான் கேஸு. நான்தான் போட்டேன். அவளுக்கு வக்கீல் கூடக் கிடையாது. நோட்டீஸு போனப்ப, 'வந்து பாத்துட்டுப் போகட்டும், பாத்தா தெரிஞ்சிரும்'னாளாம். என்ன ஏத்தம் பாருங்க. ஒரு கேஸுக்குக் குடுக்க வேண்டிய மரியாதை இல்லையா?

இந்தா, இந்தக் காலண்டரைத் தூக்குதேன். பாத்தியளா? இதுதான் ஈரம். தொட்டுப் பாருங்க. காஞ்சிருக்கா? காலையில வெயில் அடிச்சதுலா, காஞ்சிருக்கும். காஞ்சாலும் கறை இருக்கா இல்லையா? சின்னக் கறைதான்னு நினைக்காதிய. கோர்ட்டுக்குப் பெருசு என்ன, சின்னது என்ன?

அந்த இஞ்சினியர் போன பிறகுதான், நம்மளே படிச்சுப் போட்டா என்னனு எனக்குத் தோணுச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சைக்கிள் கடை மாடியில டிராயிங் கிளாஸ் ஒண்ணு நடத்துதாங்க. சாயங்காலக் கிளாஸு. வீட்டுப் படம் போடச் சொல்லித் தருவாங்க. நான் போய்ச் சேந்துட்டேன். எங்க வீட்டுக்காரக, 'உனக்கு எதுக்கு இந்த வயசுல'ன்னாக. இந்த வயசுல மழை மட்டும் என் வீட்டுல பெய்யலாமா?

கிளாஸுல பூரா பொடிப் பயலுக. ஒவ்வொருத்தனுக்கும் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போகணும். பலகை பிடிக்கத் தெரியாது, பென்சில் சீவத் தெரியாது, விமானத்துல எந்தப் பக்கம் உக்காந்தா கடல் தெரியும்னு பேசிக்கிட்டு இருப்பான். டீச்சரு பேரு பெனிட்டா. மார்த்தாண்டம் பக்கத்துப் பொண்ணு. மேடம்னு கூப்பிடணுமாம். நான் டீச்சர்னே கூப்பிட்டேன். என்னை அக்கான்னு கூப்பிடும். மரியாதையான பொண்ணுதான், இல்லைங்கலை. ஆனா சொல்லிக் குடுக்கத் தெரியணும்லா.

முதல்ல கோடு போடச் சொன்னா. கோடு, கோடு, கோடு. பிறகு எழுத்து. பிறகு தரைப் படம். அதுக்கு வீட்டை இடுப்புக்கு மேல அப்படியே வெட்டி, மேல் பாதியைத் தூக்கிப் போட்டுட்டு, உள்ள எட்டிப் பாக்கணுமாம். நல்லா இருக்கிற வீட்டை யாராவது வெட்டுவாங்களா? இருந்தாலும் போட்டேன். பிறகு மாடிப்படி. மாடிப்படிக்கு ஒரு அம்பு போடணும், ஏறுத பக்கம் பாத்து அம்பு போடணும்னு சொன்னா. இதை மனசுல வச்சுக்கோங்க தம்பி. ஏறுத பக்கம் அம்பு. அவ வாயால சொன்னது.

அடுத்த வாரம் கூரைப் படம். 'இப்ப நீங்க வீட்டுக்கு மேல நிக்கீங்க, நேரா கீழ குனிஞ்சு பாக்கீங்க, என்ன தெரியுதோ அதைப் போடுங்க'ன்னா. வீட்டுக்கு மேல யாரு நிப்பா? காக்கா நிக்கும். மனுஷன் கீழ இருக்கத்தான கூரை? நான் கேட்டுட்டேன். பயலுக சிரிச்சானுக. பெனிட்டாவும் சிரிச்சா. சிரிச்சுட்டு, 'காக்கா பாக்கிற மாதிரியே போடுங்க அக்கா, அவங்கவங்க சொந்த வீட்டுக் கூரையைப் போட்டுட்டு வாங்க'ன்னா.

மத்தவனுக்கெல்லாம் என்ன கஷ்டம்? எல்லாம் மொட்டை மாடி வீடு. ஒரு கட்டம் போட்டான், மூலையில தண்ணித் தொட்டிக்கு ஒரு வட்டம் போட்டான், முடிஞ்சு போச்சு. ரியாஸ்னு ஒரு பய, இன்னும் கட்டவே இல்லாத வீட்டுக்குக் கூரை போட்டுட்டு வந்தான். துபாய் போயிட்டு வந்து கட்டப் போறானாம். அதுக்கும் டிக்கு போட்டா அவ. ஓட்டு வீடுனு கிளாஸுக்கே என் வீடு ஒண்ணுதான். முகடு போடணும், சரிவு போடணும், தண்ணி சொட்டுத எறவாணம் எங்க முடியுதுனு போடணும். அதுவும் என் வீட்டை மட்டும் போட்டா போதாது, அவ வீட்டையும் சேத்துப் போடணும், அப்பத்தான கேஸுக்கு ஆகும்.

அவ வீட்டுக் கூரையை நான் எங்க போய்ப் பாக்க? அவகிட்ட போய் ஏணி கேக்கவா? எங்களுக்குத் தெக்க ஒரு வாத்தியார் இருக்கார், மாடி வீடு. அவர் மாடியில ஏறி நின்னு பார்த்தேன். ஒண்ணு சொல்லுதேன். இத்தனை வருஷமா இந்த வீட்டுல இருக்கேன், மேல இருந்து பாத்ததே இல்லை. பாத்தா, சுவரு தெரியலை. சுவரு ஓட்டுக்குக் கீழலா இருக்கு. ஒரே வீடா கிடந்துச்சு. என் பக்கத்து ஓடு புதுசு, சிவப்பா இருந்துச்சு. அவ பக்கம் பழசு, கறுத்துப் போய் பாசி பிடிச்சுக் கிடந்துச்சு. அவ்வளவுதான் வித்தியாசம். கொஞ்ச நேரம் ஒரு மாதிரி ஆயிட்டு எனக்கு. கல்யாணமாகி வந்தப்ப அந்த ஒரே அடுப்புலதான் ரெண்டு பேரும் நின்னோம். சரி, அதுக்கும் படத்துக்கும் என்ன.

நடுச்சுவரை ஒட்டி அவ ஓட்டு மேல ஒரு நீலத் தார்ப்பாயை விரிச்சு, பறக்காம இருக்கச் செங்கல்லைத் தூக்கி வச்சிருக்கா. பாக்க சகிக்கலை. நல்ல ஓட்டுக் கூரையைக் கோழிக்கூடு மாதிரி ஆக்கி வச்சிருக்கா. நான் அதைப் படத்துல போடலை. கூரைப் படம்னா கூரைதான் போடணும், தார்ப்பாயா போடுவாங்க? எங்க வீட்டுக்காரக இரும்புக் கடையில அதே தார்ப்பாய்தான் விக்காக, ஓரத்துல மஞ்சக் கோடு போட்டது. அவுககிட்ட கேட்டேன், உங்க அண்ணன் பொண்டாட்டி நம்ம கடையிலயா வாங்கினானு. 'ஊர்ல எத்தனை கடை இருக்கு'ன்னு சொல்லிட்டுச் சாப்பிடாமயே எந்திரிச்சுப் போயிட்டாக. அதுவும் சரிதான், எத்தனை கடை இருக்கு.

நான் மாடியில நிக்கிறதை அவ பாத்துட்டா. கொல்லையில விறகு காயப் போட்டுக்கிட்டு இருந்தா. நிமிந்து பாத்து, 'கோமு, ஓரமா நிக்காத, பாசி வழுக்கும்'னா. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இறங்கி வந்துட்டேன். கேஸ் போடப் போற ஆளுகிட்ட என்ன பேச்சு?

என்ன கேக்கிய? புது ஓடா? ஆமா, நாங்க எங்க பாதியை மாத்திப் போட்டோம். அது வேற விஷயம் தம்பி, அதை எதுக்கு இதுல சேக்கிய? முன்னாடி முகடு நடுவுல ஓடும், தண்ணி முன்வாசலுக்குப் பாதி, கொல்லைக்குப் பாதி போகும். இந்த ஊர்ல சாரல் பிடிச்சா லேசுல விடுமா? வாசல்ல ஒரு கோலம் நிக்காது. போட்டுட்டு நிமிந்தா மாவு தெருவுல ஓடும். என் மகளைப் பொண்ணு பாக்க வந்தவங்க, எறவாணத்துக்குக் கீழ நின்னு செருப்பைக் கழட்டுதாங்க, மாப்பிள்ளையோட அம்மா முதுகுல தண்ணி ஊத்துது. அந்தச் சம்பந்தம் வரலை. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தச் சித்திரையிலயே ஆசாரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒரு பக்கச் சுவரை உசத்து, கைமரத்தை மாத்து, ஒரே சரிவாப் போடு, இனிமே என் வாசல்ல ஒரு சொட்டு விழக் கூடாது. அவன் கேட்டான், 'தெக்க இறக்கவா, வடக்க இறக்கவா'னு. தெக்க எப்படி இறக்க? தெக்க வாத்தியார் வீடு. அந்த ஆளு சண்டைக்காரர். ஒரு சொட்டு அங்க விழுந்தா கோர்ட்டுக்குப் போயிருவார். அப்படி ஆளுகளோட நமக்கு எதுக்கு வம்பு? 'அப்ப தண்ணி எங்கம்மா போகும்'னான். அது தண்ணிக்குத் தெரியும், நீ ஓட்டைப் போடுன்னேன்.

அதுக்கு அடுத்த சாரல்ல அவ வந்தா. ஆமா, வந்தா, வரலைனு நான் சொல்லலை. வாசல்ல நின்னா. உள்ள வரலை. 'கோமு, சமையக்கட்டுல ஒழுகுது, உங்க அத்தானுக்கு மூச்சு இளைப்பு, ராத்திரி அங்கதான் படுக்காரு, ஒரு தகர வாய்க்கால் மட்டும் போட்டிருவோமா'னு கேட்டா. அத்தான்னா அவ வீட்டுக்காரரு. வாசல்ல நின்னு கேட்டா அது கேக்கிறதா? அந்நியப்பட்டவங்க மாதிரி நின்னா. உள்ள வந்து, உக்காந்து, ஏட்டி கோமுனு என் கையைப் பிடிச்சுக் கேட்டிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேன். சத்தியமா போட்டிருப்பேன். நான் உள்ள வாங்கனு சொல்லலைதான். சொல்லணுமா? அவ வீடுலா இது, அவ வந்து நுழைஞ்ச வீடுலா. பிறகு இன்னொரு தடவை வந்தா, அப்பவும் வாசல்தான். நான் கோயிலுக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தேன்.

பிறகு என்ன செஞ்சா தெரியுமா? ரேஷன் கடையில நின்னு சொல்லியிருக்கா, 'எங்க கோமு வீட்டுத் தண்ணி பூரா என் அடுப்புலதான் விழுது'ன்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னாளாம். அவ எதைத்தான் சிரிக்காம சொன்னா? நாலு பேரு என்னைக் கேட்டுட்டாங்க. அவ ரேஷன் கடையில சொன்னா நான் கோர்ட்டுல சொல்லுதேன். என் வீட்டுத் தண்ணியா? அவ வீட்டுத் தண்ணியில என் சுவரு ஊறுதுனு சொன்னேன். இப்ப பாருங்க, ஊர்ல ஒருத்தன் வாயைத் திறக்கலை.

படத்துக்கு வாரேன். கூரைப் படத்தை மை போட்டு முடிச்சுக் கொண்டு போனேன். பெனிட்டா பாத்துட்டு அசந்து போயிட்டா. 'எல்லாரும் இங்க வாங்க, அக்கா போட்டிருக்கிற முகட்டுக் கோட்டைப் பாருங்க, எறவாணத்துக்குப் புள்ளிக்கோடு போட்டிருக்காங்க பாருங்க'ன்னு பலகையில குத்தி வச்சுட்டா. துபாய்க்காரனுகளுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துல கூட என் நோட்டை யாரும் தூக்கிக் காட்டினது கிடையாது. எட்டாப்போட நிறுத்திட்டாங்க.

பிறகு அம்புக்கு வந்தா. 'அக்கா, அம்பு மட்டும் திரும்பிப் போச்சு'ன்னா.

எங்க திரும்பிச்சு? நடுச்சுவருல இருந்து என் பக்கம் பாத்து அம்பு போட்டிருக்கேன். என் கூரை அந்தப் பக்கம் தாழ்வு, இந்தப் பக்கம் உசரம். ஏறுத பக்கம் அம்பு. அவ சொல்லிக் குடுத்ததுதான. அதுக்கு அவ சொல்லுதா, 'படிக்குத்தான் ஏறுத பக்கம், கூரைக்கு இறங்குத பக்கம் அக்கா. தண்ணி எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் அம்பு. இப்ப இந்தப் படத்தைப் பாத்தா அவங்க வீட்டுத் தண்ணி உங்க வீட்டுக்கு வாரது மாதிரி இருக்கு'ன்னா. இருக்குலா? அதைத்தான நானும் சொல்லுதேன்? படம் தன்னால சொல்லுது. நானாவது பொய் சொல்லுவேன், டி-ஸ்கொயர் ஸ்கேலு வச்சுப் போட்ட படம் பொய் சொல்லுமா?

நான் விடலை. போன வாரம் மேல பாக்கணும்னிய, இந்த வாரம் கீழ பாக்கணுங்கிய, ஒரு டீச்சருக்கு ஒரு வாக்கு வேண்டாமானு கேட்டேன். படியில மனுஷன் ஏறுதான், கூரையில தண்ணி இறங்குதுன்னா. மனுஷன் படியில இறங்கவே மாட்டானா? ஏறினவன் மேலயே குடியிருப்பானா? பதில் சொல்லட்டும். 'நீங்க ஒரு நிமிஷம் மழைத் தண்ணியா இருந்து யோசிங்க அக்கா'ங்கா. நான் மழைத் தண்ணியா இருக்கணுமாம். புள்ளை பெத்து வளத்து, அதைக் கட்டிக் குடுத்து, இப்ப மழைத் தண்ணியா வேற இருக்கணும்.

அதோட விட்டாளா? நான் பென்சில்ல போட்டுப் பாத்த பழகுதாள் ஒண்ணு மேசையில கிடந்துச்சு, ஸ்கெட்ச் பேனாவுல பேரு எழுதினது. அதை எடுத்து, கோட்டுல மடக்கி, கூரை மாதிரியே நிக்க வச்சுட்டா. அவ தண்ணி பாட்டில்ல இருந்து மேல ஒரு மூடித் தண்ணியை விட்டா. எல்லாப் பயலும் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கான். தண்ணி ஓடிப் போய் 'ஆவுடை வீடு'னு எழுதியிருந்த இடத்துல தேங்கிச்சு. எழுத்து கலைஞ்சு, பச்சை மை அப்படியே விரிஞ்சு, ஆவுடை பேரே இல்லாமப் போச்சு. ஒரு பயலும் சிரிக்கலை. பெனிட்டாவும் சிரிக்கலை. என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னா. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே. எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதின எழுத்து அது. எழுத்து ஒரே உசரமா வரணும்னு அவதான் சொன்னா, மேலயும் கீழயும் கோடு போட்டு எழுதினேன். ஒரு டீச்சரு, படிக்க வந்தவ போட்ட தாளுல தண்ணியை ஊத்துவாளா? இதைக் கேக்க ஆளில்லை.

அப்புறம் வெளிய வந்து படிக்கட்டுல சொன்னா, 'அம்பைத் திருப்பிட்டுக் கொண்டு வாங்க அக்கா, நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன், இதை எங்கயும் குடுத்திராதீங்க'ன்னு. கண்ணுல தண்ணி நிக்கி அதுக்கு. எதுக்கு நிக்குதுனு எனக்குத் தெரியலை. கொஞ்ச வயசு, தப்பு செஞ்சுட்டோம்னு தெரிஞ்சிருக்கும். நான் திருப்பலை. அதோட கிளாஸுக்கும் போகலை. அவ கையெழுத்து இல்லைனா என்ன, கீழ என் கையெழுத்து இருக்குலா? வக்கீல்கிட்ட குடுத்தேன். வாங்கி, மடிக்காமப் பிடிச்சு, தூரத்துல வச்சுப் பாத்து, 'படம் தெளிவா இருக்கும்மா, அம்பு எல்லாம் கரெக்டா போட்டிருக்கு'ன்னார். நகல் எடுத்து சீல் குத்தி கேஸுக் கட்டுல வச்சுக்கிட்டு, அசலை என்கிட்டயே தந்துட்டார். படிச்ச வக்கீலு சொல்லுதார், சைக்கிள் கடை மாடியில இருக்கிற பொண்ணு இல்லைங்கா. நீங்க யாரை நம்புவிய?

எங்க வீட்டுக்காரகளா? அவுக கடைக்குப் போயிட்டாக. கமிஷனர் வாரார், இருங்கன்னேன். கடையைத் திறக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டாக. கேஸ் போட்டதுல இருந்து அவுக என்கிட்ட சரியாப் பேச்சில்லை. கொல்லைப் பக்கமாப் போய் அண்ணனைப் பாத்துட்டு வாராகனு எதிர் வீட்டுக்காரி சொன்னா. அவளுக்கு வேற வேலை இல்லை. அண்ணனுக்கு இளைப்பு முன்னாடியே உண்டு, என் கூரையில இருந்து வந்ததில்லை. ஈரத்துல கொஞ்சம் கூடியிருக்கும். அந்தக் கட்டிலை முன் அறையில போட்டா என்ன? அதுக்கும் கேஸுக்கும் சம்பந்தம் இருக்கா, சட்டப்படி சொல்லுங்க.

அம்மாடி, எப்படி இருட்டுது பாருங்க. மலைப் பக்கம் கறுத்துட்டு. இங்க ஆனி பிறந்தாலே சாரல்தான். விழுந்துட்டு பாத்தியளா. என்ன எந்திரிக்கிய? எங்க போறிய? வெளிய போய் நனையாதிய தம்பி, குடை கூட இல்லை உங்ககிட்ட. மழை பெய்யறப்ப என்னத்தைப் பாக்கப் போறிய? மழையில எதுவும் ஒழுங்காத் தெரியாது. வக்கீல் வரட்டும், மழை விடட்டும், காஞ்ச பிறகு பாத்தா நல்லாத் தெரியும். உக்காருங்க.

கேக்குதா? அது அவதான். சமையக்கட்டுல பாத்திரம் வைக்கா. டொங்குனு கேட்டதுலா, அது பித்தளைப் போணி. தேரோட்டக் கடையில நானும் அவளும் ஒரே நாள்ல ஆளுக்கு ஒண்ணா வாங்கினது. என்னோடதும் அதே சத்தம்தான் போடும். இந்தா, இது எவர்சில்வர் சட்டி. இது அலுமினியம், சோறு வடிக்கிறது. போன சாரல்ல எல்லாம் ரெண்டு பாத்திரத்துச் சத்தம்தான் கேக்கும். இன்னைக்கு என்ன இத்தனை வைக்கா? நீங்க வந்திருக்கிறது தெரியும்லா, அதுக்குத்தான். நடிக்கா.

'கட்டிலைப் பிடிங்க, கட்டிலைப் பிடிங்க'ங்கா. கேட்டுச்சா? அத்தான் இருமுதாரு. இவ்வளவு நேரம் இருமலை. என்ன தம்பி அந்தச் சுவரையே பாக்கிய?

இங்கயா? இங்க எதுக்குப் பாத்திரம் வைக்கணும்? என்ன இப்படிக் கேட்டுட்டிய. நிமிந்து பாருங்க, ஒரு ஓடு நனைஞ்சிருக்கா? ஆசாரியைப் பக்கத்துல நின்னு வேலை வாங்கினேன்லா. வாசலைப் பாருங்க, காலையில போட்ட கோலம் அப்படியே இருக்கு, ஒரு புள்ளி கலையலை. எவ்வளவு பேஞ்சாலும் ஒரு சொட்டு உள்ள வராது. இந்த வாத்தியார் வீட்டுப் பக்கம் உசரம்லா, அங்க இருந்து பிடிச்சா அப்படியே வழுக்கிக்கிட்டு ஒரே ஓட்டமா ஓடி, அந்தா, அந்தச் சுவருக்கு அங்கிட்டு.

என்ன எழுதுதிய? நான் இப்ப சொன்னதையா? அதை எதுக்கு எழுதுதிய தம்பி? நான் சும்மா பேசிக்கிட்டு இருந்தேன், மழைச் சத்தத்துல உங்களுக்கு என்ன கேட்டுச்சோ. அதை அடிச்சிருங்க. உங்க முன்னாடிதான் படம் இருக்குலா. அம்பு எந்தப் பக்கம் போட்டிருக்குனு அதைப் பாத்து எழுதுங்க.